வெள்ளிக்குள் மூன்று சொல் வேண்டும்: ஹோலிஸ்டிக் ஹீலிங், நியூட்ரிஷன், ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட்

திருமங்கலம் மனையியல் டீச்சர், திங்கள் காலை

எல்லாருக்கும் வணக்கம். அவசரம், நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். அடுத்த வாரம் எங்கள் சுற்றுவட்டார மகளிர் குழுக்களுக்கு மூன்று நாள் வகுப்பு. தலைப்பு ஆங்கிலத்தில் வந்திருக்கிறது: ஹோலிஸ்டிக் ஹீலிங், நியூட்ரிஷன், ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட், ஓர் அறிமுகம். 32 பக்கத்தில் ஒரு கைப்புத்தகம், வாசலில் கட்ட ஒரு ஃப்ளெக்ஸ், இரண்டும் வெள்ளி மதியத்துக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

நானாகப் போட்டது "முழுமையான குணமாக்கல், ஊட்டச்சத்து, மன அழுத்த மேலாண்மை". எழுதிப் பார்த்தால் எனக்கே அரசாணை வாசிக்கிற மாதிரி இருக்கிறது. வருகிறவர்கள் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், மல்லிகை கட்டுகிறவர்கள், அதிகம் போனால் பத்தாவது படித்தவர்கள். அவர்களுக்குப் புரிய வேண்டும், இந்தச் சொல்லாக்க மடற்குழுவில் இருப்பவர்கள் சிரிக்கவும் கூடாது.

தெப்பக்குளம் புலவர், திங்கள் மாலை

அம்மா, நல்ல பணி. ஆனால் சொல்லை மேலோட்டமாகப் பார்த்துப் பெயர்க்கக் கூடாது, வேரைத் தொட வேண்டும். ஆங்கிலத்தில் ஹோல், ஹீல், ஹெல்த் மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. கிரேக்கத்து ஹோலோஸும் அதுவே. சரி, ஹோலோஸ் எங்கிருந்து வந்தது? நம் 'ஒல்' வேரைப் பாருங்கள். ஒல்லுதல் என்றால் இயலுதல், பொருந்துதல். "ஒல்லும் வகையான் அறவினை ஓவாதே" என்பது குறள். உறுப்புகள் ஒன்றோடொன்று பொருந்தி நிற்பதுதானே நலம்? முன்னால் கொஞ்சம் மூச்சு ஏறினால் ஒல், ஹொல் ஆகிவிடும். ஆகவே என் பரிந்துரை "ஒல்லியல் மருத்துவம்". சொல்லாராய்ச்சியாளர் பாவாணர் 1981 ஜனவரியில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டுக்கு நம் மதுரைக்கு வந்தவர், இங்கேயே கண்ணை மூடினார். அவர் விட்ட இடத்திலிருந்து நாமாவது தொடர வேண்டாமா?

சோழவந்தான் மொழிபெயர்ப்பாளர், திங்கள் இரவு

ஐயா, "ஒல்லியல்" என்று ஃப்ளெக்ஸ் கட்டினால் உடம்பு இளைக்கிற வகுப்பு என்று நினைத்துக் கூட்டம் அள்ளும். டீச்சருக்கு ஒரு வகையில் லாபம்தான்.

வேர் விஷயத்தில் ஒரு திருத்தம். ஹோல், ஹீல், ஹெல்த் மூவரும் உறவுக்காரர்கள், சரி. கிரேக்க ஹோலோஸ் அந்தக் குடும்பம் இல்லை, ஒலி ஒத்துப்போனது தற்செயல். ஹோலிசம் என்ற சொல்லுக்கு வயதும் அதிகமில்லை, 1926-ல் ஜான் ஸ்மட்ஸ் எழுதிய நூலில் பிறந்தது. தென்னாப்பிரிக்காவில் காந்தியைச் சிறையில் போட்டாரே, பிறகு காந்தி தன் கையால் தைத்த செருப்பைப் பரிசாக வாங்கிக்கொண்டாரே, அதே ஸ்மட்ஸ். துண்டுகளைக் கூட்டினால் கிடைப்பதைவிட முழுசு பெரிது என்பது அவர் வாதம். மருத்துவக்காரர்கள் அதைப் பின்னால் எடுத்துக்கொண்டார்கள்.

"ஒருங்கிணைந்த" போடலாமா என்று யோசித்தேன். அந்த இடத்தில் ஏற்கெனவே ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் உட்கார்ந்திருக்கிறது. அது வேறு பொருள், விட்டுவிட்டேன்.

தெப்பக்குளம் புலவர், திங்கள் நள்ளிரவு

தற்செயல் என்று யார் தீர்ப்பு எழுதியது? செருப்புக் கதைக்கு நன்றி. நாளை விரிவாக எழுதுகிறேன்.

உசிலம்பட்டி செவிலியர், செவ்வாய் மதியம்

டியூட்டி முடிந்து இப்போதுதான் பார்க்கிறேன். டீச்சர், "முழுமையான குணமாக்கல்" வேண்டவே வேண்டாம், கையெடுத்துக் கும்பிடுகிறேன். மாட்டுத்தாவணிப் பக்கம் சுவரில் ஒட்டியிருக்கிற நோட்டீஸ் பார்த்ததில்லையா, மூலம் முழு குணம், சர்க்கரை முழு குணம் என்று? சர்க்கரை மாதிரிச் சில நோய்களைக் குணமாக்குவேன் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954-லேயே சட்டம் வந்தாயிற்று, நோட்டீஸ் நின்றபாடில்லை. உங்கள் ஃப்ளெக்ஸில் அதே வார்த்தை இருந்தால், வீட்டுக்குப் போய் மாத்திரையை நிறுத்துகிற ஆள் ஒருவராவது இருப்பார். அப்படி நிறுத்திவிட்டுக் காலில் புண்ணோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முழுசு என்பது இங்கே நோய்க்கு இல்லை, ஆளுக்கு. ஒரு பொம்பளை தலைவலி என்று வந்தால் மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பாமல், காலையில் சாப்பிட்டியா, ராத்திரி தூங்குனியா, குழுக் கடன் எவ்வளவு நிக்குது, வீட்டுக்காரர் குடிக்கிறாரா என்று கேட்பது. அதற்கு என்ன பேரோ அதைப் போடுங்கள்.

தெப்பக்குளம் புலவர், செவ்வாய் மாலை

தங்கையின் மடலைப் படித்ததும் விரிவாக எழுத வைத்திருந்ததைக் கிழித்துவிட்டேன். அவர் சொன்னதை வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் ஒன்றே முக்கால் அடியில் வைத்திருக்கிறார்: "உற்றான் அளவும் பிணியளவும் காலமும் கற்றான் கருதிச் செயல்." எண் 949. முதலில் உற்றான், அதாவது நோய்ப்பட்ட ஆள். பிணி அதற்கு அடுத்ததுதான். எல்லாரும் முந்தைய குறளை, நோய்நாடி நோய்முதல்நாடியை, ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

ஹீலிங் என்பதற்கு மட்டும் ஒரு வார்த்தை. 'குணம்' வடசொல். நமக்கு 'ஆறுதல்' இருக்கிறது. புண் ஆறுகிறது, சூடு ஆறுகிறது, மனம் ஆறுகிறது. மூன்றுக்கும் ஒரே வினை, ஆங்கிலத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆறு என்றால் வழியும்தான். ஆற்றுப்படை பாடிய மண்ணில் இருந்துகொண்டு, பரங்குன்றத்தை முதலில் வைத்து நக்கீரர் பாடிய மண்ணில் இருந்துகொண்டு, கவுன்சிலருக்கு ஆற்றுப்படுத்துநர் என்று பெயரும் வைத்துவிட்டு, ஹீலிங்குக்குச் சொல் தேடுகிறோம்.

சோழவந்தான் மொழிபெயர்ப்பாளர், செவ்வாய் இரவு

ஆறுதல் அழகுதான் ஐயா, எனக்கும் ஆசையாக இருக்கிறது. ஆனால் "முழு ஆறுதல்" என்று போட்டால் இழவு வீட்டுக்குப் போகிற ஞாபகம் வரும். ஹீலிங்கைத் தலைப்பிலிருந்தே கழற்றிவிட்டு "முழுநலம்" என்று மட்டும் வைத்தால் என்ன? குணமாக்குவேன் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்ததாக ஆகாது, ஆளுக்கு நலம், அவ்வளவுதான். உள்ளே 949-ஐப் போட்டுவிடலாம்.

திருமங்கலம் மனையியல் டீச்சர், புதன் காலை

முழுநலம் எனக்குச் சரி. நியூட்ரிஷனுக்கு நானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். ஊட்டச்சத்து என்றால் இரும்பு, கால்சியம் என்று பொருளைக் குறிக்கும். எனக்கு வேண்டியது மொத்தச் செயல். சத்துணவு என்றால் 1982-லிருந்து பள்ளிக்கூடச் சாப்பாடுதான். ஆகவே "ஊட்டம்". உண் என்பதிலிருந்து ஊட்டு, ஊட்டிலிருந்து ஊட்டம், வகுப்பில் அரை நிமிடத்தில் விளக்கிவிடலாம். கேப்பையில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், முருங்கைக்கீரைக்கு எலுமிச்சை பிழிந்தால் இரும்பு நன்றாக ஒட்டும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் ஒட்டாது என்று உள்ளே பக்கம் நிறைய இருக்கிறது. குடபுலவியனார் பாண்டியனுக்குச் சொன்ன "உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே" அட்டையின் பின்னால். இதில் விவாதம் வேண்டாம் ப்ளீஸ்.

மூன்றாவதுதான் இடிக்கிறது.

அனுப்பானடி பொறியாளர், புதன் காலை

மூன்று நாளாக இதற்காகத்தான் காத்திருந்தேன். ஸ்ட்ரெஸுக்குச் சொல் இல்லை என்கிறீர்கள், பதினோராம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் இருக்கிறது: தகைவு. ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை. அதனால் பொருள் உருமாறுவது திரிபு. அழுத்தம் என்பது பிரஷர், அது வேறு. ரத்த அழுத்தம் சரி, மன அழுத்தம் தப்பு. மனத்தகைவு என்று போட்டு முடியுங்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். ஹான்ஸ் ஸெல்யே என்பவர் 1936-ல் எலிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சியிலிருந்துதான் இந்தக் கதையே தொடங்குகிறது. எங்கள் துறைச் சொல்லைத்தான் மருத்துவத்துக்குக் கொண்டுபோனார், ஆனால் மாற்றிக் கொண்டுபோனார். வெளியிலிருந்து வரும் விசையைச் சொல்லும் சொல்லை, உடம்புக்குள் நடக்கும் மாற்றத்துக்கு வைத்துவிட்டார். ஸ்ட்ரெயின் என்றுதான் வைத்திருக்க வேண்டும் என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். கண்டிப்பாகப் பார்த்தால் தமிழில் மனத்திரிபு.

உசிலம்பட்டி செவிலியர், புதன் மதியம்

அண்ணே, பால் திரிஞ்சு போச்சு என்போம். மனசு திரிஞ்சு போச்சு என்றால் எங்க ஊரில் வேறு அர்த்தம், வகுப்புக்கு ஒருத்தியும் வர மாட்டாள்.

சோழவந்தான் மொழிபெயர்ப்பாளர், புதன் மாலை

தகைவு பற்றி ஒரு சின்ன விலகல், மன்னிக்கவும். மழை முடிந்து வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் போனால் தண்ணீருக்கு மேலே தாழ்வாகச் சுற்றுமே, வாலில் கவை விழுந்த சின்னக் குருவி, அதற்குப் பெயர் தகைவிலான். களைப்பே இல்லாமல் பறப்பதால் தகைவு இலான் என்பார்கள். ஸ்ட்ரெஸ் இல்லாத ஒரே உயிர் என்று கைப்புத்தக அட்டையில் அதன் படத்தைப் போடலாம்.

தெப்பக்குளம் புலவர், புதன் மாலை

தகை என்பதற்கு அழகு, பெருமை என்றும் பொருள் உண்டு. தகைசால் என்கிறோமே. மனத்தகைவு என்றால் மன அழகு என்று ஒரு மாணவன் எழுதினால் நான் முழு மதிப்பெண் போட வேண்டியிருக்கும்.

உசிலம்பட்டி செவிலியர், வியாழன் அதிகாலை

தூக்கம் வராமல் எழுதுகிறேன், இதற்கும் ஸ்ட்ரெஸ் என்றுதான் பெயரோ என்னவோ. குருவி, அழகு எல்லாம் இருக்கட்டும். எனக்கு 'மன அழுத்தம்' பிடிக்காததற்குக் காரணம் இயற்பியல் இல்லை. பேப்பரில் ஸ்ட்ரெஸுக்கும் மன அழுத்தம், டிப்ரஷனுக்கும் மன அழுத்தம். இரண்டும் ஒன்றா? கடன், அறுப்பு, பிள்ளை பரீட்சை, இந்த நெருக்கலில் மண்டை காய்கிறது என்பவளுக்கு ஓய்வும் தூக்கமும் பேச ஒரு ஆளும் கிடைத்தால் பெரும்பாலும் தணியும். அனேகமாக ஒவ்வொரு நாளும், ரெண்டு வாரமாக, எதிலும் பிடிப்பில்லாமல் சுருண்டு கிடக்கிறவள் வேறு. அவளிடம் மூச்சை இழுத்து விடு என்று சொல்லிவிட்டு வர முடியாது, டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். உங்கள் கைப்புத்தகத்தில் மன அழுத்தம் வந்தால் நடைப்பயிற்சி போங்கள் என்று எழுதினால், இந்த ரெண்டாவது ஆள் அதைப் படித்துவிட்டு நடக்கப் போவாள், நமக்குத் தெரியவே தெரியாது.

அதனால் டிப்ரஷனுக்கு மனச்சோர்வு என்று தனியாக ஒரு பெட்டி போட்டு, மனநல உதவிக்கான 14416 டெலி மானஸ் எண்ணையும் போடுங்கள். ஸ்ட்ரெஸுக்கு மன அழுத்தம் தவிர எது வேண்டுமானாலும் வையுங்கள். மன உளைச்சல் மட்டும் வேண்டாம். அது கோர்ட்டில் நஷ்டஈடு கேட்கிற சொல், தவிர உளைச்சல் என்றதும் எங்களுக்கு வயிற்றுளைச்சல்தான். மன இறுக்கமும் வேண்டாம், ஆட்டிசத்துக்கு மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள், பக்கத்தில் பக்கத்தில் போய் இடிக்கும்.

திருமங்கலம் மனையியல் டீச்சர், வியாழன் காலை

இதை நான் யோசிக்கவே இல்லை. பக்கம் 19-ல் நடைப்பயிற்சி என்று அப்படியேதான் எழுதியிருந்தேன். மாற்றிவிட்டேன்.

"மன நெருக்கடி" சரிப்படுமா? பண நெருக்கடி, இட நெருக்கடி எல்லாருக்கும் தெரியும்.

அனுப்பானடி பொறியாளர், வியாழன் காலை

நெருக்கடி என்றால் என் வயதுக்காரர்களுக்கு 1975 எமர்ஜென்சி ஞாபகம் வரும். ஆனாலும் விசை வெளியிலிருந்து வருகிறது என்பது அதில் தெரிகிறது, அந்த மட்டில் அழுத்தத்துக்கு இது தேவலை. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு யானைக்கல்லில் நின்றவனுக்கு விளக்கமே வேண்டாம். தகைவு பாடப்புத்தகத்தோடு கிடக்கட்டும்.

சோழவந்தான் மொழிபெயர்ப்பாளர், வியாழன் மதியம்

மேனேஜ்மென்ட்? மேலாண்மை போட்டால் நெருக்கடியை ஒழுங்காக நடத்திக் கொடுக்கிற அலுவலகம் மாதிரி இருக்கும். "மன நெருக்கடியைச் சமாளித்தல்" என்று எளிதாக விட்டுவிடலாம்.

தெப்பக்குளம் புலவர், வியாழன் மாலை

சமாளி வடக்கிலிருந்து வந்தது. "தணித்தல்" என்று போடுங்கள். "அது தணிக்கும் வாய்நாடி" என்று 948-லேயே இருக்கிறது.

அனுப்பானடி பொறியாளர், வியாழன் மாலை

எல்லாவற்றையும் தணிக்க வேண்டியதில்லை ஐயா. ஸெல்யேவே நல்லது, கெட்டது என்று ரெண்டு வகை பிரித்தார். பரீட்சைக்கு முதல் நாள் கொஞ்சம் இருந்தால்தான் படிப்பான். தந்தி தொய்ந்தால் வீணை பேசுமா? கையாளுதல் என்பதே சரி.

தெப்பக்குளம் புலவர், வியாழன் இரவு

கையாளுதல் பணம் கையாடலுக்கு ஓர் எழுத்துத் தள்ளி நிற்கிறது. மகளிர் குழு வேறு.

உசிலம்பட்டி செவிலியர், வியாழன் இரவு

சாயங்காலம் எங்க குழுவில் நாலு பேரிடம் மூன்றையும் சொல்லிக் கேட்டேன். தணித்தல் என்றதும் ஒரு அம்மா "ஜிகர்தண்டாவா?" என்றார். அந்தப் பேருக்கு ஈரல் குளிர்ச்சி என்று அர்த்தமாமே, அவர் சொன்னது தப்பில்லை. கையாளுதல் ஆபீஸ் சொல் என்றார்கள். மூன்று பேர் சமாளித்தலுக்குக் கை தூக்கினார்கள்.

திருமங்கலம் மனையியல் டீச்சர், வெள்ளி மதியம்

கொடுத்துவிட்டேன். "முழுநலம், ஊட்டம், மன நெருக்கடியைச் சமாளித்தல்: ஓர் அறிமுகம்." ஃப்ளெக்ஸில் இடம் பத்தாமல் 'ஓர் அறிமுகம்' சின்ன எழுத்தில் போய்விட்டது. எல்லாருக்கும் நன்றி. தகைவிலான் அட்டையில் இருக்கிறது.

தெப்பக்குளம் புலவர், வெள்ளி மாலை

வாழ்த்துகள். சமாளித்தலுக்கு என் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்து வைக்கிறேன். 'தணி' என்பதன் வேர் 'தண்', குளிர்ச்சி. அந்த அம்மா சொன்ன ஜிகர்தண்டாவின் 'தண்டா'வும் நம் தண்-தான் என்பதை நாளை விரிவாக

சோழவந்தான் மொழிபெயர்ப்பாளர், வெள்ளி மாலை

ஐயா, மடல் பாதியில் நிற்கிறது. அவசரமில்லை, திங்கட்கிழமை அனுப்புங்கள்.