கல்மண்டபம் தெரு குரூப்: செல்வி பி.காம். படிக்கப் போறா

செல்வி: எல்லாருக்கும் வணக்கம். பி.காம். சேரலாம் என்று இருக்கிறேன். பிரியாவுக்கு மாசம் ஆயிரம் ரூபாய் வருகிறதே, அது எனக்கும் வருமா? நானும் ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரைக்கும் கார்ப்பரேஷன் ஸ்கூல்தான்.

முருகன்: சூப்பர்மா! அம்மாவும் பொண்ணும் ஒரே காலேஜா?

பிரியா: ஐயோ மாமா, அது மட்டும் வேண்டாம் 😂

லதா அக்கா: ரெகுலரா, தொலைதூரக் கல்வியா?

செல்வி: எம்.சி. ரோடு கடையில் லீவு தர மாட்டார்கள் அக்கா. இக்னோ திறந்தநிலைப் பல்கலைதான். வயது வரம்பும் கிடையாதாம்.

லதா அக்கா: அப்படியென்றால் பிரியாவுக்கு வருகிற அந்தப் புதுமைப் பெண் திட்டப் பணம் உனக்கு வராது. ரெகுலராகக் காலேஜ் போகிறவர்களுக்குத்தான் அது.

முருகன்: என்னக்கா அநியாயம்! 2022 செப்டம்பர் 5, அந்தத் திட்டத்தையே நம்ம பாரதி மகளிர் காலேஜில்தான் தொடங்கினார்கள். அன்னைக்கு நான் பிராட்வே பக்கம் சவாரியே எடுக்கல.

லதா அக்கா: அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் தம்பி? செல்வி, இக்னோவில் எஸ்.சி., எஸ்.டி.க்குச் சில படிப்புகளில் கட்டண விலக்கு உண்டு. விண்ணப்பம் போடும்போதே கேட்கணும், பணம் கட்டிய பிறகு இல்லை. இந்தத் தடவை பி.காமுக்கு உண்டா என்று பார்த்துக்கொள். இல்லையென்றால் போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப், பத்தாவதுக்கு மேல் படிக்கிறவர்களுக்கு அரசு தருவது. குடும்ப வருமானம் வருஷம் 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது.

மணி: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

லதா அக்கா: நல்ல வேளை நீக்கினாய் மணி. "உதவித்தொகை 25,000, லிங்க்கைத் தட்டவும்" எல்லாம் ஓடிபி திருடுகிற வேலை.

செல்வி: அக்கா, இ-சேவைத் தம்பி வருமானச் சான்றுக்கு அப்பா பெயரைக் கேட்டான்.

லதா அக்கா: அவன் காலேஜ் பசங்களுக்கே போட்டுப் பழகியவன். கல்யாணமானவள் என்று முதலிலேயே சொல். வீட்டுக்காரர் வருமானம்தான் கணக்கு, உன் சம்பளத்தையும் மறைக்காதே. அப்பா பெயரில் எடுத்தால் 60 ரூபாயும் போச்சு, அலைச்சல்தான் மிஞ்சும்.

செல்வி: சரி அக்கா. ஸ்காலர்ஷிப் பணம் கடைச் சம்பளம் போடுகிற அக்கவுண்டிலேயே வருமா? அதில் ஆதார் நம்பர் கொடுத்திருக்கிறேன்.

லதா அக்கா: ஆதார் கொடுத்தால் மட்டும் போதாது. அரசுப் பணம் எந்த பேங்கில் விழணும் என்று ஆதாரோடு தனியாக ஒரு இணைப்பு இருக்கும். உன் கேஸ் மானியம் எதில் விழுகிறது?

செல்வி: தெரியலையே அக்கா. ஏதோ பழைய அக்கவுண்ட். அந்த பாஸ்புக் மாமியாரிடம் இருக்கு.

லதா அக்கா: அப்போ ஸ்காலர்ஷிப்பும் அங்கேதான் போய் விழும் 😄 சம்பளம் விழுகிற பேங்கில் போய் அந்த இணைப்பை, அதாவது ஆதார் சீடிங்கை, இந்த அக்கவுண்டுக்கு மாற்றிக்கொடுங்கள் என்று கேள். அப்படியே சாதிச் சான்று பழைய அட்டையாக இருந்தால் ஆன்லைனில் புதிதாக எடுத்துக்கொள்.

முருகன்: சனிக்கிழமை தண்டையார்பேட்டை தாலுகா ஆபீஸ் பக்கம்தான் போகிறேன், ஆட்டோவில் ஏறிக்கோ.

பிரியா: அம்மா, ஃபார்ம் எல்லாம் நான்தான் ஃபில் பண்ணணுமா?

செல்வி: பின்னே? உனக்கு யார் பண்ணினது?