பொன் எழுத்தில் பெயர் போட்ட நாய்கள்: பாசமா, பவிசா?

தூரிகை:
மார்லி அரண்மனைக்காக 1702-இல் பிரான்சுவா தெபோர்த் வரைந்த படங்களில், பிரெஞ்சு அரசன் பதினான்காம் லூயியின் வேட்டை நாய்களுக்குப் பக்கத்திலேயே அவற்றின் பெயர் பொன் எழுத்தில் இருக்கிறது: தியான், புளோந்து. பாசம் என்கிறார்கள். எனக்கு அது மாட்டுக்குச் சூடு போடுவது போலத்தான் தெரிகிறது. என் நாய், என் காடு என்ற பவிசு. பின்னால் உள்ள மரமும் வானமும் வெறும் நாடகத் திரை.

முள்முருங்கை:
திரை என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். தெபோர்த் வயல்வெளிக்கே போய் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தவர். மகன் எழுதி வைத்திருக்கிறார்: தகரப் பெட்டியில் தூரிகையும் வண்ணத் தட்டும், கையில் எஃகு முனை வைத்த தடி. தடியை மண்ணில் குத்தி நிறுத்தி, தாளை அதில் தாங்கவைத்து வரைவாராம். அரசன் வேட்டைக்குப் போனாலும் குறிப்பேட்டோடு கூடவே போவார். அந்தக் காலத்தில் ஒரு புதருக்காக இவ்வளவு மெனக்கெட்டவர்கள் எத்தனை பேர்?

தூரிகை:
சரி, அந்தத் தாள்களை அப்போது யார் பார்த்தார்கள்? வீட்டிலேயே கிடந்து, 1784-இல் செவ்ர் பீங்கான் ஆலைக்கு மாதிரிப் படங்களாகப் போய்ச் சேர்ந்தன. காசு கொடுத்தவனுக்கு வேண்டியது நாய், புதர் இல்லை.

வெண்கலமணி:
இரண்டு பேரும் ஓவியர் ஊத்ரியை விட்டுவிட்டீர்களே! 1753-இல் பாரிஸின் சலோன் ஓவியக் கண்காட்சியில் அவர் வைத்தது, குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் ஒரு நாய். வைக்கோல்மேல் வெளிச்சம் விழுகிறது. குட்டிகள் மடியில் முட்டிக்கொண்டு கிடக்க, தாய் மட்டும் தலையைத் தூக்கி விழிப்பாக இருக்கிறாள். அரசனும் இல்லை, செத்த பறவையும் இல்லை. வாங்கியவர் டோல்பாக் என்ற தத்துவவாதி. பாரிஸ் வேட்டை அருங்காட்சியகத்தில் இப்போதும் இருக்கிறது.

தூரிகை:
அந்தப் படத்தை மறுக்கவே மாட்டேன், பார்த்தால் மனசு இளகிவிடும். ஆனால் 1725-இல் பதினைந்தாம் லூயியின் மிஸ், துர்லு என்ற நாய்களை வரைந்ததும் அதே ஊத்ரிதான். அரசன் ஒழிந்த பிறகுதான் நாய் நாயாக வந்தது. ஓவியர் குர்பேயைப் பாருங்கள். அவரே வேட்டைக்காரர். 1857 சலோனில் வைத்த படத்தில் செத்த மானுக்கு முன்னால் இரண்டு நாய்கள். பொன்னும் இல்லை, பெயரும் இல்லை.

முள்முருங்கை:
அதே இரண்டையும் ஒரு முயலோடு சேர்த்து இன்னொரு முறை வரைந்தார், அது நியூயார்க்கில் இருக்கிறது. அவ்வளவு பிடித்திருக்கிறது அவருக்கு. ஆனால் அவற்றை என்ன சொல்லிக் கூப்பிடுவது? முந்நூறு வருஷம் கழித்தும் தியானை நான் தியான் என்கிறேன். அந்தப் பொன் எழுத்தை அழித்துவிட எனக்கு மனம் வராது.