ஜோடிப் படம் பழக நேராக ஃபிலிமுக்குப் போகலாமா?

புதுரோல்:
ஜோடிகளைக் கறுப்பு-வெள்ளையில் எடுக்க ஆசை. 35 மி.மீ. ஃபிலிம் கேமரா, 85 மி.மீ. லென்ஸ், சில ஹெச்பி5 (ஒளியுணர்வு 400 உள்ள கறுப்பு-வெள்ளை ஃபிலிம்) ரோல்கள் இருக்கின்றன. முதலில் டிஜிட்டலில் பழகு, அப்புறம் ஃபிலிமைத் தொடு என்கிறார் நண்பர். நேராக ஃபிலிமிலேயே தொடங்கினால் என்ன?

நிழல்வேட்டை:
நண்பர் சொல்வதுதான் சரி. தனி ஆள் என்றால் இரண்டு கண்களைக் கவனித்தால் போதும், இங்கே நான்கு. ஒருவர் சிரிப்பு நன்றாக வரும் நொடியில் மற்றவர் கண் சிமிட்டியிருப்பார். ஒரு ரோலின் 36 படத்தில் எத்தனை தேறும்? கழுவிப் பார்க்கும்வரை தெரியாது. அதற்குள் என்ன அபர்ச்சர் (லென்ஸ் திறப்பு) வைத்தோம் என்பதே மறந்திருக்கும்.

இருட்டறைவாசி:
மறக்காமல் இருக்க ஒரு நோட்டு போதுமே. டிஜிட்டலில் நடப்பதைப் பாருங்கள்: ரெண்டு படம் எடுத்ததும் ஜோடி ஓடிவந்து திரையைப் பார்க்கும். "என் கன்னம் குண்டா தெரியுதே" என்று ஆரம்பித்தால் போச்சு. அதுவரை ஒருவரையொருவர் பார்த்தவர்கள் அப்புறம் கேமராவுக்கு முகம் வைக்க ஆரம்பிப்பார்கள். ஃபிலிமில் காட்ட ஒன்றுமில்லை, பேச்சு அறுபடாது.

நிழல்வேட்டை:
திரையை அணைத்தால் தீர்ந்தது, அதற்காக ரோல் வாங்குவார்களா? ஃபோகஸுக்கு வாருங்கள். 85 லென்ஸில் திறப்பை அகலமாக எஃப்/1.8 வைத்து 2 மீட்டரில் நின்றால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 6 செ.மீ. தோளில் சாய்ந்தாலே ஒரு முகம் மங்கிவிடும். இதைத் திரையில் உடனே பார்த்தால்தான் மண்டையில் ஏறும்.

இருட்டறைவாசி:
1.8 வைக்கச் சொன்னது யார்? திறப்பைச் சுருக்கி 5.6 வையுங்கள், 18 செ.மீ. கிடைக்கும். திறந்தவெளி நிழலில் 400 ஃபிலிமுக்கு 5.6-இல் 1/250 நொடி ஷட்டர் பெரும்பாலும் வரும். இருவரையும் எதிரெதிரே நிறுத்தி நெற்றியை ஒட்டச் சொன்னால் இரண்டு முகமும் ஒரே தூரத்தில் இருக்கும்.

புதுரோல்:
ஒருவர் நல்ல கறுப்பு, மற்றவர் சிவப்பு என்றால் மீட்டரை (ஒளி அளக்கும் கருவி) யார் முகத்தில் பிடிப்பது?

இருட்டறைவாசி:
கறுப்பானவர் முகத்தில். மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பல் என்றே நினைத்துக் கறுப்பையும் வெளுக்கப் பார்க்கும், அதனால் காட்டுவதைவிட ஒரு ஸ்டாப் (ஒளியில் பாதி) குறைக்கலாம். தயக்கமாக இருந்தால் குறைக்கவே வேண்டாம். ஒளி கூடினால் இந்த நெகட்டிவ் தாங்கும். குறைந்துபோய் நிழலில் பதியாததை எந்த டெவலப்பர் ரசாயனத்தாலும் மீட்க முடியாது.

நிழல்வேட்டை:
இதில் மட்டும் சண்டையில்லை. அதே காரணத்தால் 1600-க்குப் புஷ் செய்யும் (400 ஃபிலிமை 1600 போலக் குறைந்த ஒளியில் எடுத்துக் கூடுதலாகக் கழுவும்) ஆசையும் இப்போதைக்கு வேண்டாம். கருங்கூந்தலும் கறுப்புச் சட்டையும் ஒரே திட்டாகிவிடும். லென்ஸில் மாட்டும் ஆரஞ்சு ஃபில்டரும் இப்போது வேண்டாம். முகப்பருவை மறைக்கும், கூடவே உதட்டையும் வெளுக்க வைக்கும். டிஜிட்டலில் இதைப் பிறகு மாற்றலாம், ஃபிலிமில் மாட்டியது மாட்டியதுதான்.

இருட்டறைவாசி:
முன்னாலேயே முடிவெடுக்கப் பழகத்தானே ஃபிலிம்!

நிழல்வேட்டை:
முடிவு தப்பு என்று தெரிய ஒரு வாரம் ஆகுமே. புதுரோல், டிஜிட்டல் ஒன்றை மீட்டராகவாவது பையில் வையுங்கள்.

இருட்டறைவாசி:
மீட்டராக என்றால் சரி. ஜோடி கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.