மேமோகிராம் ரிப்போர்ட்டில் ‘டென்சிட்டி டி’: ஏஐ பார்த்தால் போதுமா?

சுகந்தி:
அக்காவுக்கு வயது 52. போன வாரம் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்தோம். சந்தேகப்படும்படி ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டு, கீழேயே ‘டென்சிட்டி டி’ என்று போட்டிருக்கிறார்கள். என்னவென்று யாரும் சொல்லவில்லை. பெரியம்மாவை மார்பகப் புற்றுநோய்க்குத்தான் பறிகொடுத்தோம். அக்காவுக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை. ஸ்வீடனில் ஏஐ வைத்துக் கூடுதலாகக் கண்டுபிடிக்கிறார்களாமே, அதில் ஒருமுறை காட்டினால் சந்தேகம் தீருமா?

பத்மா (மேமோகிராம் டெக்னீஷியன்):
சுகந்தி, 14 வருஷமாக இந்தப் படம்தான் எடுக்கிறேன். கொழுப்பு கறுப்பாக விழும், சுரப்பித் திசு வெள்ளையாக விழும். கட்டியும் வெள்ளைதான். டி என்றால் மிக அடர்த்தியான மார்பகம்; படம் ஏறக்குறைய முழுக்க வெள்ளை. தட்டை எவ்வளவு அழுத்தி எடுத்தாலும், சில படங்கள் பால் கொட்டிய தரை மாதிரிதான் வரும். இது நோய் இல்லை, உடல்வாகு. ஆனால் சின்னக் கட்டி அதற்குள் மறைந்துவிடலாம்.

நீங்கள் சொல்வது மாசாய் ஆய்வு. 2023-ல் வந்த முதல் முடிவில் 80,000 பெண்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஏஐ 1 முதல் 10 வரை மதிப்பெண் போடும். 10 வந்தால் இரண்டு மருத்துவர்கள் பார்ப்பார்கள், மற்றதை ஒருவர். ஆயிரம் பேரில் 6.1 புற்றுநோய் பிடிபட்டது. வழக்கமான முறையில் 5.1. படம் பார்க்கும் வேலையும் 44% குறைந்தது. படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் ஏஐயும் பார்ப்பது அதே எக்ஸ்ரேயைத்தான்.

அக்காவுக்குப் பொருந்துவது 2019-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு. மேமோகிராமில் ஒன்றுமில்லை என்று வந்த, மிக அடர்த்தியான மார்பகம் உள்ள 50 முதல் 75 வயதுப் பெண்களில் ஒரு பகுதியினரை எம்ஆர்ஐக்கு அழைத்தார்கள். அடுத்த மேமோகிராமுக்கு முன்பே நோய் தலைகாட்டியது அவர்களில் ஆயிரத்துக்கு 2.5 பேருக்கு, அழைக்காதவர்களில் 5 பேருக்கு. டாக்டரிடம் இதைக் கேளுங்கள்.

ராஜி:
ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். அந்த ஆய்விலேயே எம்ஆர்ஐ பார்த்துவிட்டு பயாப்ஸி (திசுவைக் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பது) செய்தவர்களில் நாலில் ஒருவருக்குத்தான் புற்றுநோய். எனக்கும் செய்தார்கள், ஒன்றுமில்லை. ரிசல்ட் வரும்வரை ஒன்பது நாள் சோறு இறங்கவில்லை. அக்காவைத் தனியாக அனுப்பாதீர்கள்.

பத்மா:
ராஜி சொல்வது சரி. சுகந்தி, பெரியம்மா என்றால் அம்மாவின் அக்காவா, பெரியப்பாவின் மனைவியா? இரத்த உறவு என்றால் எந்த வயதில் வந்தது என்பதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பழைய படங்கள் இருந்தால் எடுத்துப் போங்கள், ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

சுகந்தி:
அம்மாவின் கூடப்பிறந்த அக்காதான். 46 வயதில் வந்தது. இதை இதுவரை எந்த டாக்டரும் எங்களிடம் கேட்கவில்லை. வியாழக்கிழமை அக்காவோடு நானும் போகிறேன்.