புது லேப்டாப்பில் டிவிடி படம் ஓடவில்லை, டிரைவ் கோளாறா?

நெல்லைப்பையன்:
விண்டோஸ் 11 லேப்டாப் வாங்கினேன். அதில் டிஸ்க் போடும் வசதியே இல்லை என்பதால் யுஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்று தனியாக வாங்கினேன். டிஸ்க் சுற்றுகிற சத்தம் கேட்கிறது, திறந்து பார்த்தால் விஓபி என்ற வீடியோ ஃபைல்கள் வரிசையாக இருக்கின்றன, ஆனால் மீடியா பிளேயர் மட்டும் ஓட்ட மாட்டேன் என்கிறது. அக்கா கல்யாண டிவிடி, மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கார்ட்டூன் டிவிடி, இரண்டுமே இப்படித்தான். கல்யாண டிவிடி பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில் நன்றாக ஓடியது. கடைக்காரர் டிரைவை மாற்றச் சொல்கிறார். மாற்றவா?

பழையவிசிஆர்:
மாற்றாதீர்கள் தம்பி. ஃபைல் தெரிகிறதென்றால் டிரைவ் தன் வேலையைச் செய்துவிட்டது. டிவிடி படம் எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்டது, அதைப் பிரித்துக் காட்ட உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்ததால் 2012இல் விண்டோஸ் 8 வந்தபோதே மைக்ரோசாஃப்ட் அந்த வசதியைக் கழற்றிவிட்டது. ஸ்டோரில் காசுக்கு ஒரு டிவிடி பிளேயர் விற்றார்கள், அது வேண்டாம். இலவசமான விஎல்சி என்ற வீடியோ பிளேயரைப் போட்டு, மீடியா மெனுவில் ஓப்பன் டிஸ்க் கொடுங்கள். மெனு பக்கத்திலேயே நின்றுவிட்டால் 'நோ டிஸ்க் மெனுஸ்' டிக் செய்யுங்கள்.

நெல்லைப்பையன்:
கல்யாணம் ஓடுகிறது அண்ணா! அம்மா அழுதுகொண்டே பார்க்கிறார். கார்ட்டூன் மட்டும் வரவில்லை.

சுற்றும்தட்டு:
அது ரீஜன் பிரச்சினையாக இருக்கும். உலகத்தின் எந்தப் பகுதிக்கு விற்ற டிஸ்க் என்று அதில் ஒரு எண் இருக்கும், டிரைவில் வைத்திருக்கும் எண்ணும் அதுவாக இருந்தால்தான் ஓடும். அமெரிக்க டிஸ்க் ரீஜன் 1, நமக்கு 5. டிவைஸ் மேனேஜரில் உங்கள் டிரைவின் ப்ராப்பர்ட்டீஸுக்குள் டிவிடி ரீஜன் என்று ஒரு பக்கம் இருக்கும், இன்னும் எத்தனை முறை மாற்றலாம் என்றும் அங்கேயே காட்டும். மொத்தமே 5 முறைதான், கடைசியாக வைத்தது அப்படியே பூட்டிக்கொள்ளும், விண்டோஸை அழித்துப் போட்டாலும் மாறாது, ஏனென்றால் கணக்கு டிரைவுக்குள் இருக்கிறது. நான் ஒருமுறை விளையாட்டாக மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு டிரைவை இப்படித்தான் வீணாக்கினேன். கல்யாண டிவிடிக்கு ரீஜன் கிடையாது, அதனால் 1 வைத்தாலும் அது ஓடும்.

பழையவிசிஆர்:
இன்னொன்று. கல்யாண டிஸ்க்கின் அடிப்பக்கம் ஊதா நிறமாக இருக்கிறதா? அது ஸ்டுடியோவில் எழுதிக் கொடுத்தது, படம் பதிந்திருக்கும் அதன் சாயம் வருடக்கணக்கில் மங்கும். ஓடுகிறபோதே அந்த ஃபோல்டரை முழுசாக ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்துவிடுங்கள், பெரும்பாலும் 4.7 ஜிபிக்கு மேல் வராது.

நெல்லைப்பையன்:
ஊதாதான் அண்ணா. காப்பி ஓடிக்கொண்டிருக்கிறது, 62 சதவீதத்தில் கொஞ்சம் திக்குகிறது.