2007 அப்பலாச்சியன் ஸ்டேட்: மிச்சிகனை வென்ற ஒரு நாளா, அதற்குப் பிந்தைய மூன்றரை மாதமா?

மலைநாடன்:
அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றிப் பேச்சு வந்தால் 2007 செப்டம்பர் 1 என்ற தேதியைச் சொல்லாமல் யாரும் எழுந்து போவதில்லை. (நம் காலால் உதைக்கும் பந்து அல்ல, முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம், மோதல்.) வட கரோலினா மலையில், பூன் என்ற சிற்றூரில் இருக்கும் அப்பலாச்சியன் ஸ்டேட், மிச்சிகனின் ஊரான ஆன் ஆர்பர் போய் நாட்டின் 5ஆம் நிலை அணியான மிச்சிகனை 1,09,218 பேர் கண்ணெதிரே 34-32 என்று வீழ்த்தியது. தரவரிசையில் இருந்த மேல் அடுக்கு அணி ஒன்றைக் கீழ் அடுக்கு அணி வென்றது அதுவே முதல் முறை.

பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி. முதல் டிவிஷன் 1978இல் இரண்டாகப் பிரிந்தது. மேலே இருப்பது எஃப்.பி.எஸ்., 2007இல் ஓர் அணிக்கு 85 உதவித்தொகை. கீழே எஃப்.சி.எஸ்., 63. அந்தக் காலத்தில் மேலே உள்ளவர்கள் வாக்கையும் கணினியையும் வைத்து இரண்டு அணிகளைப் பொறுக்கி இறுதி ஆட்டம் ஆட விடுவார்கள். கீழே உள்ளவர்கள் 16 அணிகளோடு நாக் அவுட் ஆடிக் கோப்பையை எடுத்தார்கள்.

என் வழக்கு இதுதான்: அந்த ஒரு பிற்பகல் முழுப் பருவத்தையும் விழுங்கிவிட்டது. அந்த ஆண்டு அவர்கள் 15 ஆட்டங்களில் 13 வென்று, தொடர்ந்து மூன்றாவது முறையாகக் கோப்பையைத் தூக்கினார்கள். அந்தப் பிரிவில் அதற்கு முன் எவரும் செய்யாத காரியம். இதைச் சொன்னால் "அப்படியா?" என்கிறார்கள். மிச்சிகன் ஆட்டத்தை எடுத்துவிட்டாலும் அது பெரிய பருவமே.

கடைசிவரிசை:
எடுத்துவிட்டுப் பாருங்களேன். என்ன மிஞ்சும்?

வோஃபோர்டிடம் 42-31 தோல்வி. பிறகு பூனுக்கே வந்து ஜார்ஜியா சதர்ன் 38-35 என்று வென்று, சொந்த மண்ணில் தொடர்ந்த 30 வெற்றிகளின் வரிசையை அறுத்துவிட்டுப் போனது. தாங்கள் ஆடும் குழுவான சதர்ன் கான்ஃபரன்ஸின் பட்டத்தைக்கூடத் தனியாக எடுக்க முடியாமல் வோஃபோர்டோடு பங்கு போட்டுக்கொண்டார்கள். அந்தப் பிரிவின் சிறந்த தாக்குதல் வீரருக்கான வால்டர் பேட்டன் விருதும் அந்த ஆண்டு ஜார்ஜியா சதர்னின் ஜேசன் ஃபாஸ்டருக்குத்தான் போனது. பருவமாகப் பார்த்தால் இரண்டு இடத்தில் ஒழுகுகிற குடம் அது. மிச்சிகன் இல்லை என்றால் இந்தத் திரியை நீங்களே தொடங்கியிருக்க மாட்டீர்கள், ஐயா.

கணக்கர்:
இருவருமே ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். அந்த ஆட்டம் ஏன் நடந்தது என்று கேட்டீர்களா? மிச்சிகன் 4 லட்சம் டாலர் கொடுத்து அவர்களை வரவழைத்தது. பருவத்தின் முதல் சனிக்கிழமையில் பெரிய இடத்துக்கு ஒரு சுலபமான வெற்றி வேண்டும். சின்னக் கல்லூரிக்கு விளையாட்டுத் துறையை நடத்தப் பணம் வேண்டும். கூலிக்கு அடி வாங்கப் போவது என்று சொன்னால் நண்பர்களுக்குக் கோபம் வரும். ஆனால் ஏற்பாடு அதுதான். நூறு முறை போனால் தொண்ணூற்றொன்பது முறை அடி வாங்கித் திரும்புவார்கள், ஒரு முறை யானைக்கு அடி சறுக்கும். அன்று சறுக்கியது. அந்த யானையும் அப்போது அவ்வளவு பெரிய யானை இல்லை. அடுத்த வாரமே அதே மைதானத்தில் ஓரிகன் 39-7 என்று அதை மிதித்தது.

மலைநாடன்:
கணக்கர் அவர்களே, யானைக் கதையை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. சறுக்கல் என்றால் ஒரு கணம். இங்கே பாதி ஆட்டத்திலேயே 28-17 என்று அப்பலாச்சியன் முன்னிலை. முழு நாளும் எழுந்து நிற்க முடியாத யானையைச் சறுக்கியது என்றா சொல்வது?

கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். 4 நிமிடம் 36 நொடி பாக்கி இருக்கும்போது மைக் ஹார்ட் 54 யார்டு ஓடி, பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டி, டச் டவுன் போடுகிறார், மிச்சிகன் 32-31. அடுத்த வீச்சிலேயே அப்பலாச்சியனில் பந்தை எறியும் எட்வர்ட்ஸின் பந்தை மிச்சிகன் பறிக்கிறது. எந்தக் கீழ் அடுக்கு அணியும் அந்த இடத்தில் மனதளவில் பஸ் ஏறியிருக்கும். இவர்களோ மிச்சிகனின் ஃபீல்டு கோலை, அதாவது கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் பந்தை, கையால் தடுத்தார்கள். கையில் டைம் அவுட் ஒன்றுகூட இல்லாமல் 69 யார்டு நகர்ந்தார்கள். 26 நொடி இருக்கும்போது ஜூலியன் ராவுச் 24 யார்டிலிருந்து உதைத்தார், 34-32. அப்புறமும் முடியவில்லை. ஹென்னி 46 யார்டு எறிந்து மிச்சிகனை மறுபடியும் உதைக்கும் தூரத்துக்குக் கொண்டுவந்தார். 37 யார்டு முயற்சி. கோரி லின்ச் உள்ளே பாய்ந்து அதையும் தடுத்தார். ஒரே அணி கடைசி இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு முறை தடுப்பதற்குப் பெயர் அதிர்ஷ்டமா?

மிச்சிகன் சோப்ளாங்கி என்பதும் சரியில்லை. அந்தப் பருவத்தை 9-4 என்று முடித்தார்கள். கடைசி ஆட்டத்தில், அந்த ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வாங்கிய டிம் டீபோ ஆடிய ஃபுளோரிடாவை 41-35 என்று வென்றார்கள்.

கடைசிவரிசை:
மலைநாடன், கவனித்தீர்களா? "மிச்சிகன் ஆட்டம் இல்லாமலேயே பெரிய பருவம்" என்று தொடங்கினீர்கள். இதுவரை நீங்கள் எழுதியதில் நீளமான பத்தி மிச்சிகன் ஆட்டத்தைப் பற்றியது. என் கட்சிக்கு வக்கீல் வைக்கத் தேவையில்லாமல் போய்விட்டது.

செம்மண்:
நான் அப்போது ஷார்லட்டில் வேலையில் இருந்தேன். அந்த ஆட்டம் பிக் டென் நெட்வொர்க்கில். அந்த அலைவரிசையே இரண்டு நாள் முன்புதான் தொடங்கியிருந்தது. எங்கள் வீட்டுக் கேபிளில் வரவில்லை. கணினியில் ஸ்கோர் பக்கத்தைத் திருப்பித் திருப்பித் திறந்துகொண்டிருந்தேன். 32-31 என்று பார்த்துவிட்டு, சரி, போராடித் தோற்றார்கள் என்று சாப்பிட எழுந்தேன். திரும்பி வந்தால் 34-32. யாரோ எண்ணைத் தவறாக அடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

அன்று மாலை பூனில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆட்டம் நடந்ததோ வேறு மாநிலத்தில். மாணவர்கள் தங்கள் சொந்த மைதானத்துக்குள் புகுந்து, அன்று யாருமே ஆடாத திடலில் இருந்த கோல் கம்பத்தைப் பிடுங்கி, ஊர் வழியாகச் சுமந்துகொண்டு போய்ப் பல்கலைக்கழகத் தலைவரின் வீட்டு வாசலில் போட்டார்கள். பக்கத்து ஊர்த் தேரோட்டத்துக்கு நம் தெருவில் வடம் பிடித்த மாதிரி.

ஆனாலும் என் ஓட்டு மலைநாடனுக்குத்தான், வேறொரு காரணத்துக்காக. நவம்பர் 24 அன்று முதல் நாக் அவுட் சுற்று, ஜேம்ஸ் மேடிசனோடு. நண்பர் ஒருவர் காரில் அழைத்துப் போனார். சுமார் 3300 அடி உயரத்தில் இருக்கும் ஊர் என்பதைக் காது சொல்லிவிட்டது. கடைசி அரை நிமிடத்தில் அப்பலாச்சியன் 28-27. ஒரே ஒரு புள்ளி. பந்து ஜேம்ஸ் மேடிசன் கையில், உதைத்தால் போய்விடும் தூரத்தில். எனக்கு முன் வரிசையில் இருந்த பெரியவர் திடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். இன்னும் கொஞ்சம் அருகில் போய் உதைக்கலாம் என்று அவர்கள் ஒரு முறை ஓடினார்கள். பந்து நழுவியது. அப்பலாச்சியன் அதன்மேல் விழுந்தது. பெரியவர் அதைப் பார்க்கவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். மிச்சிகனிடம் அன்று தோற்றிருந்தால் இவர்களுக்கு ஒரு குறையும் இல்லை, 4 லட்சத்தோடு வீடு திரும்பியிருப்பார்கள். இங்கே தோற்றிருந்தால் பருவமே முடிந்தது.

கடைசிவரிசை:
செம்மண், அருமையான கதை. ஆனால் அது எந்தக் கட்சிக்குச் சாட்சி? மிச்சிகனில் பந்தைத் தடுத்தது இவர்கள் கை. ஜேம்ஸ் மேடிசன் ஆட்டத்தில் பந்தைத் தவறவிட்டது எதிரியின் கை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது இங்கேதான்.

மலைநாடன்:
ஒப்புக்கொள்கிறேன், அது விழுந்த பனம்பழம். ஆனால் பழம் ஒரு முறைதான் விழும். அடுத்த வாரம் ஈஸ்டர்ன் வாஷிங்டனை 38-35. அதற்கடுத்து ரிச்மண்டை 55-35. அந்த ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் அர்மான்டி எட்வர்ட்ஸ் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு 313 யார்டு ஓடினார். எறிவதற்காக இருக்கும் ஆள்! மிச்சிகனில் அவர் ஓடியது 62 யார்டு. எந்த நாளில் எட்வர்ட்ஸ் எட்வர்ட்ஸாக இருந்தார் என்று நீங்களே சொல்லுங்கள். டிசம்பர் 14 அன்று சாட்டனூகாவில் இறுதி ஆட்டம். எதிரே டெலவேர், அதே பருவத்தில் மேல் அடுக்கில் இருக்கும் நேவியை 59-52 என்று வென்ற அணி. அதன் குவார்ட்டர்பேக் ஜோ ஃபிளாக்கோ, பின்னாளில் தொழில்முறை லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் சிறந்த வீரர் விருது வாங்கியவர். முடிவு 49-21. அந்த ஆட்டத்தில் யாருக்கும் எதுவும் சறுக்கவில்லை.

கணக்கர்:
சரி, கோப்பையை அவ்வளவு கொண்டாடுகிறீர்களே, அந்தக் கோப்பைக்காக ஆடும் உரிமையை அதே கல்லூரி ஏன் விட்டுக்கொடுத்தது? மிச்சிகன் வெற்றியால் பெயர் வந்தது, பெயரால் ஆசை வந்தது. 2014இல் ஜார்ஜியா சதர்னோடு சேர்ந்து மேல் அடுக்கில் சன் பெல்ட் என்ற குழுவுக்குத் தாவினார்கள். தாவியவுடன் முதல் ஆட்டம் எங்கே? மறுபடியும் ஆன் ஆர்பர். 52-14. கீழே இருந்தவரை ஒவ்வோர் ஆண்டும் தேசியப் பட்டம் கைக்கெட்டிய தூரத்தில். மேலே போன பிறகு அது எட்டாக்கனி. இவர்கள் காலி செய்த அரியணையில் வட டகோட்டா ஸ்டேட் கால்மேல் கால் போட்டுப் பல ஆண்டு உட்கார்ந்திருந்தது. செப்டம்பர் 1 பருவத்தை விழுங்கியது என்கிறீர்கள்; நான் சொல்கிறேன், அது கல்லூரியையே விழுங்கியது.

செம்மண்:
பூனைக்குத் தலையா, புலிக்கு வாலா என்ற பழைய கேள்விதானே? வால் என்றால் ஆடாமல் கிடக்குமா? 2022இல் 6ஆம் நிலையில் இருந்த டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியை அதன் வீட்டிலேயே 17-14 என்று வென்றார்கள். அந்த முறை கூலியும் 15 லட்சம் டாலர். கணக்கருக்கு மகிழ்ச்சியாக இருக்க வேண்டும்.

கணக்கர்:
மகிழ்ச்சிதான். கோப்பை எங்கே?

கடைசிவரிசை:
கோப்பை கோப்பை என்கிறீர்களே. மிச்சிகன் ஆட்டத்துக்கு முன் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் தரவரிசையில் கீழ் அடுக்கு அணிக்கு வாக்களிக்கவே விதியில் இடமில்லை. ஆட்டம் முடிந்த சில நாளில் அந்த விதியை மாற்றினார்கள். மூன்று கோப்பைகள் சேர்ந்து ஒரு விதியையும் மாற்றவில்லை. ஒரு பிற்பகல் மாற்றியது. மலைநாடன், இதற்குப் பதில் சொல்லுங்கள், நான் ஒதுங்கிக்கொள்கிறேன்.

மலைநாடன்:
விதி விஷயத்தில் பதில் இல்லை. ஆனால் விதியை மாற்றியவர்கள் மேலே இருப்பவர்கள்; கீழே ஆடுபவர்களுக்கு அந்த வாக்கு என்றைக்கும் தேவைப்படவில்லை, அவர்கள் பட்டத்தைத் திடலில்தான் எடுத்தார்கள். அதில் மட்டும் நான் அசைய மாட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கடைசிவரிசை சிரிக்கட்டும். செம்மண் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு ஜேம்ஸ் மேடிசன் ஆட்டத்தின் காட்சியைத் தேடி உட்கார்ந்தேன். லின்ச் பந்தைத் தடுத்து, தானே அள்ளிக்கொண்டு 52 யார்டு ஓடி, கோட்டைத் தொடுவதற்குள் விழுகிற காட்சி முதலில் வந்தது. நான்கு முறை பார்த்தேன். பிறகு தூங்கப் போய்விட்டேன்.