வெண்டைச் செடி ஆளுயரம். காய் மட்டும் முற்றிப்போகிறது

கேள்வி: தாமான் தோட்டக்காரி, சுங்கை சிப்புட்

வணக்கம். தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்த பிறகு, பின்புறம் கால்வாய்க்கும் வேலிக்கும் இடையில் இருக்கும் நாலடி அகல நிலத்தில் காய்கறி போட்டு வருகிறேன். தீபாவளிக்கு முந்தின வாரம், கடையில் வாங்கிய கலப்பின வெண்டை விதைகளை ஓர் இரவு ஊறவைத்து ஊன்றினேன். ஐந்தாம் நாளிலேயே பத்துச் செடிகள் முளைத்தன. பக்கத்துக் கோழிப் பண்ணையிலிருந்து எரு கிடைப்பதால், மூன்று வாரத்துக்கு ஒருமுறை தாராளமாகவே இட்டேன். இன்று செடிகள் என் தலைக்கு மேல் நிற்கின்றன, இலைகள் சோற்றுத் தட்டு அகலத்துக்கு விரிந்திருக்கின்றன, ஆனால் ஒரு செடியில் வாரத்துக்கு ஒன்றிரண்டு காய்தான் கிடைக்கிறது.

தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக்குப் போய் நான்கு நாள் கழித்துத் திரும்பியபோது, இலைக்கடியில் மறைந்திருந்த ஏழெட்டுக் காய்கள் ஒரு சாணுக்கு மேல் வளர்ந்து முற்றிக் கிடந்தன. மனம் கேளாமல் மீன் கறியில் போட்டேன்; எவ்வளவு கொதித்தும் நார் நாராகவே இருந்தது, பிள்ளைகள் தட்டோரத்தில் ஒதுக்கிவிட்டார்கள். எந்த நாளில் பறிப்பது என்று எப்படி அறிவது? முற்றிய காயை விதைக்கு வைக்கலாமா? பூ ஏன் இவ்வளவு குறைவாக இருக்கிறது?

மறுமொழி 1: ஓய்வு பெற்ற நாற்றுப்பண்ணை மண்டோர் (மேற்பார்வையாளர்), கோலகங்சார்

தங்கையே, காயின் நீளத்தைப் பார்த்துப் பறிப்பதால்தான் ஏமாந்துபோகிறீர்கள். நல்ல வெயிலும் ஈரமும் இருக்கும்போது விரல் நீளக் காய் இரண்டே நாளில் சாண் நீளமாகிவிடும். வெயில் குறைந்து செடி வாடியிருக்கும்போது, சிறிய காய்கூட உள்ளே நாரோடிப் போயிருக்கும். ஆகவே காயின் வயதைக் கணக்கு வையுங்கள். வெண்டைப் பூ காலையில் விரிந்து அன்று மாலைக்குள் வாடிவிடுகிற ஒரு நாள் பூ என்பதால், இந்தக் கணக்கு மிக எளிது. காலையில் பூத்த பூவின் காம்பில் ஒரு கம்பளி நூலைத் தளர்வாகக் கட்டுங்கள். திங்கட்கிழமைப் பூவுக்குச் சிவப்பு, செவ்வாய்க்கிழமைப் பூவுக்கு மஞ்சள் என்று நிறம் மாற்றிக்கொண்டால் குழப்பம் வராது. நம் நாட்டு வெப்பத்தில், பூத்த நாலாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் காய் கறிக்குப் பக்குவமாகிவிடும். ஒரு வாரம் நூல் கட்டிப் பார்த்துவிட்டால், பிறகு கண்ணே பழகிவிடும்.

சந்தையில் நம் பெண்கள் நுனியை ஒடித்துப் பார்க்கும் வழக்கம் சரியான சோதனைதான்: படக்கென்று ஒடிந்தால் இளசு, வளைந்து கொடுத்தால் முற்றல். ஆனால் ஒடித்த நுனி கறுத்துவிடும் என்பதால், உங்கள் வீட்டுச் செடியில் ஒரு காயை மட்டும் சோதித்துவிட்டு, அதே வயதுக் காய்களை ஒடிக்காமல் பறியுங்கள்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவசியம் பறிக்க வேண்டும். முற்றிய காய் ஒன்று செடியில் நின்றாலும், செடி தன் சத்தை விதைக்கு அனுப்பிப் புதிய பூவைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே கறிக்கு ஆகாவிட்டாலும் அதை வெட்டி எறிந்துவிடுங்கள். விதைக்கு வைப்பதானால் ஒரே ஒரு செடியை ஒதுக்கி, காய் பழுப்பாகி வரி வரியாக வெடிக்கும்வரை விட வேண்டும். அதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். உங்களுடையது கலப்பின விதை என்பதால், அதன் பிள்ளைகள் தாயைப் போல இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதற்கு நாட்டு விதை தேடுவதே நல்லது.

காய் பறித்த கணுவுக்குக் கீழே உள்ள இலைகளையும் கிள்ளிவிட்டால் காற்றோட்டம் கிடைக்கும்.

மறுமொழி 2: பீடோங், கெடா

அண்ணன் சொன்ன நூல் கணக்கு அருமையானது. இலை கிள்ளுவதில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. மஞ்சளான இலையையும் மண்ணைத் தொடும் இலையையும் எடுத்தால் போதும். பச்சை இலைதானே காய்க்குச் சோறு சமைக்கிறது.

சகோதரி, உங்கள் செடியில் பூ குறைவதற்குக் கோழி எருவே காரணம் என்று நினைக்கிறேன். கோழி எருவில் தழைச்சத்து மிகுதி. அது செடியை இலையும் தண்டுமாக வளர்த்துக்கொண்டே போகும். வெண்டையில் ஒவ்வோர் இலைக்கணுவிலும் ஒரு பூதான் வரும், கணுக்கள் தள்ளித் தள்ளி விழுந்தால் உயரம் கூடுமே தவிரக் காய் கூடாது. எருவை உடனே நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக, கடையில் நீல உரம் என்று விற்கும் 12-12-17-2 (தழை, மணி, சாம்பல், மக்னீசியச் சத்துகளின் விழுக்காடு) உரத்தை, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, செடிக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இட்டு மண்ணால் மூடுங்கள். சாம்பல்சத்து அதில் கூடுதலாக இருப்பதால் பூவுக்கும் காய்க்கும் உதவும்.

உயரம் எட்டாமல் போனதால், செடிகளில் பாதியை முழங்கால் உயரத்தில், கீழே நாலைந்து இலைகளை விட்டு வெட்டிவிடுங்கள். பக்கக் கிளைகள் புறப்பட்டு, எட்டும் உயரத்தில் காய்க்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டினால் சில வாரங்களுக்கு வீட்டில் வெண்டைக்காயே இருக்காது.

அடுத்த முறை விதைப்பதற்கு இரண்டு வாரம் முன்பே டோலமைட் சுண்ணாம்பைத் தூவிக் கொத்திவிடுங்கள். மழை அரித்த நம் மண் புளித்த மண் (அமில மண்). சுண்ணாம்பையும் கோழி எருவையும் ஒரே நாளில் கலக்காதீர்கள், தழைச்சத்து ஆவியாகப் போய்விடும்.

மறுமொழி 3: தெலுக் இந்தான்

வெட்டும்போது, வாட்டமாகத் தெரியும் செடி ஒன்றை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். வேரில் மணி மணியாக வீக்கம் இருந்தால் அது நூற்புழு, அதாவது வேரைத் தாக்கும் நுண்ணிய மண்புழுவல்லாத புழு. பயற்றங்காய் வேரில் இருக்கும் நல்ல முடிச்சு விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். நூற்புழு வீக்கம் வேரோடு ஒன்றாகவே இருக்கும். இருந்தால் அந்த இடத்தில் வெண்டையோ கத்தரியோ தக்காளியோ உடனே போடாமல், துலுக்கச் சாமந்தி போடுங்கள். வேலியில் செம்பருத்தி இருந்தால் அதையும் கவனியுங்கள். வெண்டையும் செம்பருத்தியும் ஒரே குடும்பம் என்பதால் மாவுப்பூச்சி அங்கிருந்து எளிதாகத் தாவும்.

கேட்டவர்: பதினெட்டு நாள் கழித்து

மூவருக்கும் நன்றி. எங்கள் நிலத்தில் ஐந்தாம் நாள் காய்தான் சரியாக இருக்கிறது. ஆறாம் நாள் காயின் நுனி ஒடியாமல் வளைந்தது. பிடுங்கிய செடியின் வேர் சுத்தமாகவே இருந்தது. மீதி ஒன்பதில் நான்கை வெட்டினேன், அவற்றில் மூன்று துளிர்த்து, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கிளைகள் விரல் நீளம் வந்திருக்கின்றன. நான்காவது இன்னும் அசையவில்லை. வெட்டாத ஐந்து செடிகளில் நேற்று மட்டும் ஏழு பூக்கள். சுனை கையை அரிப்பதால், நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, இப்போது கத்தரிக்கோலால் காம்பை வெட்டித்தான் பறிக்கிறேன்.